அந்தக் கை பாய்க்கு

திண்டுக்கல் பேகம்பூரில் ஆனந்த்ராஜ் டாக்டர் கிளினிக் எங்கே என்று கேட்டால் யாரும் பெயர்ப் பலகையை அடையாளம் சொல்வதில்லை. "வாசல்ல செருப்பு குமிஞ்சு கிடக்கும் பாருங்க, அதான்" என்பார்கள். அந்தக் குவியலைத் தாண்டி உள்ளே போனால் எதிரெதிரே இரண்டு நீள பெஞ்சு. மூலையில் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கிற மிஷின். பச்சைத் திரை தொங்கும் ஊசி அறை. அதற்கும் உள்ளே டாக்டர். இதற்கெல்லாம் நடுவில், உட்கார ஒரு ஸ்டூல் இருந்தும் உட்காராமல் நடந்துகொண்டே இருப்பவள் டெய்சி.

டெய்சி கன்னிவாடிப் பக்கத்துப் பெண். அப்பா ஞானராஜுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம். பள்ளிக்கூடம் முடித்ததும் கன்னியாஸ்திரிகள் நடத்திய நர்சிங் பள்ளியில் சேர்ந்தாள். முதல் வேலை மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் வார்டில். பள்ளிக்கூட லேப்பில் வேலை பார்க்கிற இனிகோவைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்தபோது, பிள்ளைகள் தூங்குவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்றுதான் இந்தக் கிளினிக்கில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு வேறொரு காரணமும் பிடித்துக்கொண்டது. வார்டில் படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தாள். இங்கே வருகிறவர்கள் நடந்து வருகிறார்கள். அவர்களைக் கடைசிவரை நடக்கிறவர்களாகவே வைத்திருப்பதுதான் தன் வேலை என்று அவள் நினைத்தாள்.

அவள் சேர்ந்த காலத்தில் இங்கே மூன்று நர்ஸ்கள் இருந்தார்கள். மூத்தவர் வயதாகி நின்றுவிட்டார். அப்புறம் டெய்சியும் ஷாஹினாவும் இரண்டு பேராக ஓட்டினார்கள். ஷாஹினா பிரசவத்துக்குப் போனாள், திரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர், "ஆள் பாத்துக்கிட்டிருக்கேன்மா" என்றார். பொய் சொல்லவில்லை, கொஞ்ச நாள் பார்க்கவும் செய்தார். ஆனால் ஆள் குறைந்தபோதெல்லாம் கிளினிக் ஒரு நாள்கூட நிற்கவில்லை. டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுக் கட்டுவது, ஆவி பிடிக்கிற குழந்தைக்கு மூடியைப் பிடித்துக்கொள்வது, போன் எடுப்பது எல்லாவற்றையும் டெய்சி ஒருத்தியே இழுத்துக்கொண்டு போனாள். இழுக்க முடிகிறது என்பதாலேயே, இழுக்கிறாள் என்பது டாக்டர் கண்ணில் படாமல் போயிற்று.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பெரியவர்கள் யாராக இருந்தாலும் பிரஷர் பார்க்காமல் டாக்டரிடம் விடமாட்டாள். பார்க்காத டோக்கன் கடைசிக்குப் போய்விடும். பிரஷர் மிஷினைத் தூக்கிக்கொண்டு பெஞ்சோடு நடப்பாள். ஒவ்வொருத்தர் கையிலும் பட்டையைச் சுற்றி, எண்ணைப் பார்த்து, டோக்கன் நம்பரோடு சேர்த்துத் திரைக்கு இந்தப் பக்கமிருந்தே உரக்கச் சொல்வாள். "பதினெட்டு, நூத்தி முப்பது எண்பது." உள்ளே டாக்டர் குறித்துக்கொள்வார்.

அந்த ஏரியாவில் இன்னொரு வழக்கமும் உண்டு. மாலை நேரத்தில் மஃரிப் பாங்கு சொன்னதும் பெஞ்சில் இருக்கிற ஆண்களில் பாதிப் பேர் எழுந்து பள்ளிவாசலுக்குப் போவார்கள். போகும்போது டோக்கனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தோணியார் கோயில் செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு ஓடுகிற பெண்களும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. டோக்கனை வாங்கினால் பத்திரமாகக் காப்பாற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மழை பெய்து ஓய்ந்து ஊரெல்லாம் காய்ச்சல். பெஞ்சு நிறைந்து, ஆட்கள் படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். பெஞ்சின் ஓரத்தில் மைதீன் பிச்சை உட்கார்ந்திருந்தார். தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் ரொம்ப வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். பிரஷருக்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர். அவருக்குப் பக்கத்தில் சுருளிவேல். அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகன். பேகம்பூர்க் கறிக்கடைகளுக்கு ஆடு பிடித்துக் கொடுப்பவன். கிடா முட்டியதில் காலில் புண்ணாகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வந்துகொண்டிருந்தான்.

டெய்சி அந்தப் பெஞ்சுக்கு வந்து சுருளிவேலுக்குப் பிரஷர் பார்த்து எண்ணைச் சொன்னாள். அதே நேரம் மூலையில் ஆவி பிடித்துக்கொண்டிருந்த குழந்தை வாந்தி எடுத்தது. அவள் அங்கே ஓடினாள். துடைத்து, குழந்தையை அம்மா தோளில் சாய்த்துவிட்டு நிமிர்வதற்குள் உள்ளேயிருந்து மணி அடித்தது. ஊசி ஒன்று. அதை முடித்துவிட்டு பெஞ்சுக்குத் திரும்பி, "அடுத்து யாரு" என்றாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் டோக்கன் இருந்தது. பட்டையைச் சுற்றினாள். பின்னால் போன் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணைப் பார்த்து, டோக்கனைப் பார்த்து, உள்ளே சொன்னாள். முகத்தைப் பார்க்கவில்லை.

மைதீன் பிச்சை தொழுதுவிட்டு வந்து, டோக்கனை வாங்கிக்கொண்டு, தன் முறைக்கு உள்ளே போனார்.

"ரெண்டு நாளா கிறுகிறுன்னு வருது டாக்டர்."

"வராம என்ன செய்யும்? பிரஷர் இம்புட்டு நல்லா இறங்கியிருக்கு. மாத்திரை கூடிப்போச்சு உங்களுக்கு. ராத்திரி மாத்திரையை நிறுத்திருங்க."

அவர் சந்தோஷமாகப் போனார். ஒரு மாத்திரை குறைவது எந்த நோயாளிக்கும் நல்ல சேதிதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுருளிவேல் கட்டு மாற்ற வந்தான். அன்றைக்குச் சந்தை நாள், விடிகாலையிலிருந்து கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. டெய்சி அவன் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துப் பழைய துணியைப் பிரித்தாள்.

"ஈரம் படக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ஆட்டுக்கு அது தெரியலையே சிஸ்டர்." அவனே தொடர்ந்தான். "மைதீன் பாய் இனிமே என்னைய எங்க பாத்தாலும் டீ வாங்கித் தரணும்."

"எதுக்கு?"

"செவ்வாக்கிழம அவரு தொழுவப் போனாரா, டோக்கன் என்கிட்ட இருந்துச்சு. நீங்க பிரஷர் பாக்காட்டி கடைசிக்குத் தள்ளிருவீங்க. பாவம், வயசான மனுசன். அதான், இந்தக் கை எனக்கு, அந்தக் கை பாய்க்குன்னு நீட்டிட்டேன்."

டெய்சியின் கையில் பஞ்சு அப்படியே நின்றது.

"நீயா நீட்டுன?"

"ஆமா. வலது கைதான் குடுத்தேன். நல்ல கை."

அவன் கேலி செய்யவில்லை. அது அவனுடைய தொழில். சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறவன் அவன். ஆட்டுக்காரர் டீக்கடையில் இருப்பார், சில நேரம் ஊரிலேயே இருக்கமாட்டார். அவருக்காகச் சுருளிவேல் கை கொடுப்பான், அதற்கப்புறம் மறுபேச்சு கிடையாது. பிரஷர் பட்டையும் அவனுக்கு அப்படி ஒரு துண்டாகத்தான் தெரிந்திருக்கிறது. டோக்கனை உள்ளே சேர்ப்பதற்கு ஒரு கை வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டான்.

அவன்மேல் கோபப்பட டெய்சிக்கு நேரமில்லை. புண்ணின்மேல் ஒரு சுத்தமான துணியை வைத்து, "அமுக்கிப் பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து மைதீன் பிச்சை வீட்டுக்கு அடித்தாள். அவர் மனைவி காதர் பீவி எடுத்தார்.

"காலையிலேர்ந்து மண்டை வெடிக்குதுன்னு படுத்திருக்காரும்மா. இப்பத்தான் டீ குடுத்தேன், கிளாஸைப் பிடிக்க முடியாம நழுவ விட்டுட்டாரு."

"எந்தக் கையில பிடிச்சாரு?"

"இடது கை. மரத்த மாதிரி இருக்காம்."

"எந்திரிக்க விடாதீங்க. வாயில எதுவும் குடுக்காதீங்க. நான் வாரேன்."

அவள் திரையை விலக்கி உள்ளே போனாள். டாக்டர் ஒரு பெண்ணின் நெஞ்சில் ஸ்டெத் வைத்திருந்தார்.

"சார், செவ்வாய்க்கிழமை மைதீன் பிச்சை பாய்க்கு நான் சொன்ன பிரஷர் அவரோடது இல்ல. வேற ஆளுக்குப் பாத்துட்டேன். நீங்க மாத்திரையை நிறுத்திட்டீங்க. இப்ப கை மரத்துக் கிடக்காரு. நான் போறேன்."

டாக்டர் ஸ்டெத்தைக் காதிலிருந்து எடுத்தார். "ஆட்டோ பிடிச்சு நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. நான் போன்ல சொல்லிடுறேன்." அவள் வாசலைத் தாண்டும்போதுதான் அவருக்கு அடுத்தது உறைத்தது. "இங்க யாரு இருக்கா?"

அவள் திரும்பவில்லை. பிரஷர் மிஷின் அவள் கையில் இருந்தது.

தோல் ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குள் ஆட்டோ நுழையாது. ஓடினாள். மைதீன் பிச்சை பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். இந்தத் தடவை டெய்சி முதலில் முகத்தைப் பார்த்தாள். வாய் கோணவில்லை. பேச்சு கொஞ்சம் இழுத்தது. பட்டையைச் சுற்றினாள். எண் ஏறிக்கொண்டே போய் இருநூறைத் தாண்டி நின்றது. பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் தூக்கிப்பிடிக்க, சந்து முனைக்குக் கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை இறுக்குங்க பாய், இறுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் இறுக்கினார். இறுக்கம் பாதிதான் இருந்தது.

அவரைச் சேர்த்து, ஊசி ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளினிக்குக்குத் திரும்பினாள்.

வாசலில் சத்தம் கேட்டது. உள்ளே டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. ஊசி அறைக்கும் தன் அறைக்குமாக அவர் நடந்த நடையில் பச்சைத் திரை ஒரு பக்கம் கொக்கியோடு கழன்று தொங்கியது. ஸ்டூலில் சுருளிவேல், ஒரு கையால் தன் காலை அமுக்கிக்கொண்டு, மறு கையால் ஒரு குழந்தையின் மூக்கில் ஆவி மூடியைப் பிடித்திருந்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

"முட்டாதீங்கப்பு, வரிசையா வாங்க. டாக்டர் ஒத்த ஆளு, அவரு என்ன செய்வாரு."

டெய்சியைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. "பாய்க்கு எப்படி இருக்கு சிஸ்டர்? நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"தெரியும். காலை நீட்டு."

கடைசி ஆள் போன பிறகு டாக்டர் வெளியே வந்து நோயாளிகள் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டெய்சி பார்த்ததே இல்லை.

"பிழைச்சுக்குவாரும்மா. போன்ல பேசிட்டேன். மெதுவா கை சரியாயிரும்கிறாங்க."

"ஆமா சார்."

"நீ இத்தனை வருசத்துல இப்படி ஒரு தப்பு பண்ணினது இல்ல."

"பண்ணிட்டேன் சார். என் தப்புதான். முகத்தைப் பாத்திருக்கணும். ஆனா நாளைக்கும் நான் ஒருத்திதான். நாளைக்கும் போன் அடிக்கும், குழந்தை வாந்தி எடுக்கும், நீங்க மணி அடிப்பீங்க. இன்னொரு நர்ஸ் வேணும் சார்."

"எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, இல்ல வெளிநாட்டுக்குப் போறாங்க. இந்தச் சின்ன கிளினிக்குக்கு யாரு வருவா? இவ்வளவு நாள் ஓட்டிட்டியேம்மா."

"ஓட்டினதுதான் சார் தப்பு. நான் போனதும், இங்க யாரு இருக்கான்னு கேட்டீங்களே. அதைத்தான் நானும் கேக்கிறேன்."

டாக்டர், "பார்ப்போம்" என்று எழுந்து போனார். அந்தப் பார்ப்போம் எதுவரைக்கும் போகும் என்று டெய்சிக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து அவள் பெஞ்சோடு நடப்பதை நிறுத்தினாள். மிஷினை ஊசி அறையில் மேஜைமேல் வைத்தாள். ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து, "உங்க பேரு என்ன, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டு, அப்புறம்தான் பட்டையைச் சுற்றினாள். ஒருத்தர் இருக்கும்போது போன் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டாள். டாக்டர் மணி அடித்தால், "பிரஷர் பாத்துக்கிட்டிருக்கேன் சார்" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

வரிசை நகரவில்லை. படிக்கட்டைத் தாண்டி எதிர்த்த கடை வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள்.

"என்ன சிஸ்டர், பேங்க் லோனா குடுக்குறீங்க, இம்புட்டுக் கேள்வி?"

"டெய்சியக்காவுக்கு வயசாயிருச்சு போல, கை ஓடல."

"வத்தலக்குண்டுக்குக் கடைசி பஸ்ஸு போயிரும்மா, செத்த வேகமாப் பாருங்க."

எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு அவள் அதே வேகத்தில் வேலை செய்தாள். சிலர் வேறு டாக்டரிடம் போக ஆரம்பித்தார்கள். வீட்டில் இனிகோ, "உன்னை நிறுத்திட்டா?" என்று கேட்டான். "நிறுத்தினா ரெண்டு ஆள் தேட வேண்டி வரும். தேடட்டும்" என்றாள். சொன்னபோது குரல் உறுதியாகத்தான் வந்தது. படுத்த பிறகு தூக்கம் வரவில்லை.

இரண்டாவது வாரம் டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு அவரே வந்தார். "பழைய மாதிரியே போம்மா. நான் சாப்பிடப் போறதுக்கு எம்புட்டு நேரமாகுது தெரியுமா?"

"பழைய மாதிரி போனா இன்னொரு பாய் படுப்பாரு சார்."

"சரி, நீயே ஆளக் கொண்டா. கொண்டுவந்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

அவர் எரிச்சலில் சொன்னார். டெய்சி அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக ஷாஹினா வீட்டுக்குப் போனாள். ஷாஹினாவின் கணவர் இஷாக் செல்போன் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பிள்ளை நடை பழகி வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. என்ன, உடம்பு எலும்பாப் போச்சு" என்றாள் ஷாஹினா. காரணத்தைக் கேட்டதும் சிரித்தாள். "நான் வாரேன். வந்த மூணாம் மாசம் நீங்க லீவு போடுவீங்க, இல்ல எனக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அப்ப மறுபடி ஒத்த ஆளு. அந்தக் கொடுமைக்கு எதுக்குக்கா ரெண்டு பேரு?"

டெய்சிக்குச் சுருக்கென்றது. இன்னொரு ஆள் வந்தால் போதும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். ஒரு ஆள் வராத நாளைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

"சரி. ஒருத்தர் மட்டும் இருக்கிற நாள்ல டோக்கன் பாதிதான். மீதிப் பேரை மறுநாள் வரச் சொல்லணும். ரொம்ப முடியாதவங்களை மட்டும் டாக்டர் நேரா பாத்துக்கட்டும். அவரு வாயால சொன்னா வருவியா?"

ஷாஹினா கணவரைப் பார்த்தாள். இஷாக் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ராத்திரி நான் வந்து கூட்டிக்கிறேன். அம்மா பிள்ளையைப் பாத்துக்கும்" என்றார். பிறகு, "அந்த டாக்டர் பாதி டோக்கனுக்கு ஒத்துக்குவாரா?" என்று கேட்டார்.

ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. "நோயாளியைத் திருப்பி அனுப்பச் சொல்றியா?" என்று முதல் நாள் கத்தினார். டெய்சி, "நாளைக்கு வாங்கன்னு சொல்லலாம் சார். மைதீன் பாயை நம்ம பாக்காமயே பாத்ததா அனுப்புனோமே, அதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள். அடுத்த நாள் காதர் பீவி மைதீன் பிச்சையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் இரண்டு கையையும் நீட்டி டாக்டருக்குச் சலாம் கொடுக்க முயன்று, இடது கை விரல் முழுதாக விரியாமல், வலது கையை மட்டும் கொடுத்தார். யார்மேலும் அவர் குறை சொல்லவில்லை. டாக்டர் அந்த இடது கையை ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம், "ஷாஹினாவை வரச் சொல்லும்மா. நீ சொன்ன மாதிரியே வச்சுக்குவோம்" என்றார்.

ஷாஹினா வந்தாள். ஒருத்தி ஊசி அறையும் மூலையும், ஒருத்தி பிரஷரும் டோக்கனும். மூன்று மாதம் வரிசை ஒழுங்காக நகர்ந்தது. பேங்க் லோன் என்று சொன்னவரே, "இப்பத்தான் கிளினிக் மாதிரி இருக்கு" என்றார்.

அப்புறம் ஷாஹினா சொன்னபடியே அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அவள் வராத அன்றைக்கு டெய்சி டப்பாவில் இருந்த டோக்கன்களை இரண்டாகப் பிரித்துப் பாதியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மீதி சீக்கிரமே தீர்ந்துவிட்டது. காலி டப்பாவைப் பார்த்த டாக்டர் வாயைத் திறந்தார். வாசலில் நிற்பவர்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தார்.

சுருளிவேல் அய்யலூர் பஸ்ஸை விட்டு இறங்கி வேர்க்க விறுவிறுக்க வந்தான். கால் ஆறியிருந்தது. இப்போது இருமல்.

"டோக்கன் தீந்துருச்சு. காய்ச்சல் இருக்கா?" டெய்சி அவன் நெற்றியைத் தொட்டாள். "இல்ல. மூச்சு வாங்குதா?" விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்தாள். "நல்லா இருக்கு. நாளைக்குக் காலையில வா."

"நாளைக்கு ஆடு ஏத்தணும் சிஸ்டர். நம்ம மைதீன் பாய் உள்ளதான் இருக்காரு. அவரு டோக்கனோட சேத்து என்னையும்..."

"சுருளிவேல், உன் கை இங்க செல்லாது."

பெஞ்சிலிருந்த மைதீன் பிச்சை சிரித்தார். "டீ நான் வாங்கித் தாரேன்பா. டோக்கன் கேக்காத."

அவன் முனகிக்கொண்டே படியிறங்கினான். போகிற வழியில் நின்று, "நாளைக்குக் காலையிலன்னா எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் போனான்.

சற்று நேரத்தில் மஃரிப் பாங்கு கேட்டது. பெஞ்சில் ஆண்கள் எழுந்தார்கள். மைதீன் பிச்சை பக்கத்தில் இருந்தவரிடம் டோக்கனை நீட்டப் போய், டெய்சியைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"கொண்டுபோங்க பாய். வந்ததும் உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன்."

அவர் இடது கை விரல்களால், மெதுவாக, டோக்கனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டெய்சி அந்த விரல்களையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள். பிறகு ஊசி அறைக்குள் போய் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.